காலணாத் திரி வெளிச்சத்தில்: உன்னதப்பாட்டை யூத மரபில் வாசிக்கத் தொடங்குவோருக்கு

எபிரேயத்தில் அதன் பெயர் ஷிர் ஹஷிரிம். பாட்டுகளிலெல்லாம் பெரிய பாட்டு என்று பொருள். பழைய தமிழ் பைபிளில் ‘உன்னதப்பாட்டு’, பொது மொழிபெயர்ப்பில் ‘இனிமைமிகு பாடல்’. எட்டே அதிகாரம், 117 வசனம். ஒரு பெண்ணும் ஓர் ஆணும் மாறி மாறிப் பேசிக்கொள்கிறார்கள். முத்தம், மார்பு, தொடை, வாசனைத் தைலம், திராட்சைத் தோட்டம், ராத்திரியில் தட்டப்படும் கதவு. கடவுளின் பெயர் நேராக ஓரிடத்திலும் இல்லை. 8:6இல் ‘ஷல்ஹெவெத்யா’ என்றொரு சொல் வருகிறது. அதன் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘யா’ கடவுளின் பெயர்தானா, ‘பெருந்தீ’ என்று அழுத்திச் சொல்வதற்கான விகுதியா என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை.

இப்படிப்பட்ட நூலைத்தான் யூதர்கள் பஸ்கா பண்டிகையின்போது ஜெபாலயத்தில் வாசிக்கிறார்கள். எகிப்தில் அடிமைகளாக இருந்த ஒரு கூட்டம் விடுதலையாகி வெளியேறியதைக் கொண்டாடும் பண்டிகை அது. அதற்கும் காதல் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வியோடு தொடங்கினால் பாதி வழி வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் தொடங்கியது தப்பான முனையிலிருந்து. நூலை ஒழுங்காக வாசிக்காமல் நேரே உரைக்குப் போனேன். ‘உன் இரண்டு மார்பும்’ என்ற இடத்தில் ‘மோசேயும் ஆரோனும்’ என்று போட்டிருந்தது. சிரித்துவிட்டு மூடி வைத்தேன். திரும்ப எடுக்கச் சில வருடம் ஆயிற்று. அந்தச் சிரிப்பு உங்களுக்கு வராமலிருக்க, எதை முதலில் வாசிப்பது, எதைப் பிறகு வாசிப்பது என்ற வரிசையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு தமிழ் பைபிள் போதும். அதில் உன்னதப்பாட்டோடு சேர்த்து இன்னும் மூன்று இடங்களில் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: யாத்திராகமம் 12 முதல் 20 வரை, அதே நூலில் 32 முதல் 34 வரை, ஓசியா 2ஆம் அதிகாரம். இவை இல்லாமல் யூத உரை ஒன்றும் பிடிபடாது. உரையாசிரியர்கள் இவற்றை மனப்பாடமாக வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள். நமக்கு அது இல்லை, அதனால் அடையாளத் துண்டு வேண்டும்.

ஆங்கிலம் வாசிக்க வருமென்றால் செஃபாரியா என்ற இலவச இணைய நூலகத்தில் மூல எபிரேயமும், ராஷி, இப்னு எஸ்ரா என்ற இடைக்கால உரையாசிரியர்களின் உரைகளும், மிட்ராஷ் எனப்படும் பழைய யூத ஆசான்களின் விளக்கத் தொகுப்பும் வசனத்துக்கு வசனம் அடுக்கியபடி கிடைக்கும். போனில்கூடத் திறக்கும்.

எண்களில் ஒரு சிக்கல் உண்டு. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 6:13 என்று இருக்கும் வசனம் எபிரேயத்தில் 7:1. அதனால் ஏழாம் அதிகாரம் முழுக்க ஒரு எண் தள்ளிப்போகும். ஓசியா 2இல் இரண்டு எண் தள்ளும். நான் கீழே தருவது எபிரேய எண். உரையில் சொன்னது பைபிளில் காணோமே என்று தோன்றினால் ஒன்றிரண்டு வசனம் மேலே பாருங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஏன் மூன்று என்பது உடனே புரியும்.

முதல் படி: காதல் பாட்டாகவே வாசியுங்கள்

ஸ்பெயினில் பிறந்து 12ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராக அலைந்த ஆபிரகாம் இப்னு எஸ்ரா இந்த நூலுக்கு எழுதிய உரை, நூலை மூன்று தடவை சுற்றி வருகிறது. முதல் சுற்றில் கடினமான சொற்களுக்குப் பொருள். இரண்டாவதில் நேர்க்கதை: திராட்சைத் தோட்டத்துக்குக் காவல் இருக்கும் ஒரு சிறு பெண், அந்த வழியாகப் போகும் ஒரு மேய்ப்பன், இருவருக்கும் காதல். மூன்றாவது சுற்றில்தான் கடவுளும் இஸ்ரவேலும் வருகிறார்கள். இந்த நூல் வெறும் ஆசைப் பேச்சு என்று எண்ணவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறவர் அவர். அப்படிப்பட்டவரே முதல் இரண்டு சுற்றைத் தாண்டிக் குதிக்கவில்லை. நோட்டில் மூன்று பத்தி போடச் சொன்னது இதற்காகத்தான்: சொல், கதை, உட்பொருள்.

ஆக, முதல் வாசிப்பில் கடவுளைத் தேடாதீர்கள். ஒரே மூச்சில் வாசியுங்கள், அரைமணி நேரம்கூட ஆகாது. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதை மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள்.

தமிழில் வாசிப்பவர்களுக்கு இங்கே ஒரு சங்கடம். எபிரேயத்தில் ‘நீ’ என்ற சொல்லே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. 1:15இல் ‘நீ அழகு’ என்பவன் அவன், 1:16இல் ‘நீ அழகு’ என்பவள் அவள் என்று காதில் விழுந்தவுடனே தெரிந்துவிடும். நம் ‘நீ’ யாரென்று காட்டிக்கொடுக்காது. அதனால் விளிச்சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவன் அவளை ‘ரயாதி’ (என் தோழி), ‘யோனாதி’ (என் புறா), ‘என் சகோதரி’, ‘மணமகள்’ என்கிறான். அவள் அவனை ‘தோதி’ என்கிறாள். தமிழ் பைபிளில் ‘நேசர்’ என்று வருவது இதுதான். ‘தோத்’ என்ற சொல்லுக்கு அப்பாவின் சகோதரன் என்றும் பொருளுண்டு. உறவுச்சொல்லே காதலனை அழைக்கும் சொல்லாவது ‘மாமா’ என்று கூப்பிட்டுப் பழகிய ஊர்க்காரர்களுக்கு விளக்கவா வேண்டும்?

வாசித்து முடிக்கும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இருவரும் சேர்ந்திருக்கும் நேரம் குறைவு. தேடுவது, தவறவிடுவது, காத்திருப்பது, மறுபடி தேடுவது, இவைதான் அதிகம். இதை நோட்டில் எழுதி அடிக்கோடு போடுங்கள். பின்னால் வரும் உரைகளெல்லாம் இந்தப் பிரிவின்மேல்தான் நிற்கின்றன.

இரண்டாம் படி: பாத்திரங்கள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மரபின் விடை சுருக்கமானது. அவன் கடவுள். அவள் ‘க்னெசெத் இஸ்ரவேல்’, அதாவது இஸ்ரவேல் சபை. ‘எருசலேமின் குமாரத்திகள்’ என்று வருபவர்கள் ராஷியின் உரைப்படி சுற்றியிருக்கும் பிற இனத்தார்கள். நூலில் சாலொமோன் என்ற பெயர் வரும் இடங்களை, ஓரிரண்டு தவிர, ‘சமாதானம் யாருடையதோ அவர்’ என்று பிரித்துக் கடவுளுக்கே ஆக்கிவிடுகிறது தல்மூத் என்ற பழைய யூதச் சட்ட விவாதத் தொகுப்பு. ஷ்லோமோ என்ற பெயருக்குள் ஷாலோம் இருக்கிறதல்லவா, அந்தச் சாக்கு.

இதில் நின்று யோசிக்க வேண்டியது ‘அவள்’. ஆண்டாளையும் நம்மாழ்வாரின் நாயகி பாவத்தையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, காதலி என்றால் ஏங்கும் ஒரு தனி ஆன்மா என்று மனம் தானாகவே போய்விடும். யூத மரபின் பெருவழி அதுவல்ல. இங்கே காதலி ஒரு மக்கள் கூட்டம். அவளுக்கு வயதுண்டு, ஊர் உண்டு, தேதியுண்டு. எகிப்தில் சிறுமி, சீனாய் மலையடியில் மணப்பெண், பொன் கன்றுக்குட்டி செய்த நாளில் துரோகி, பாபிலோனில் பிரிந்து கிடப்பவள். காதல் பாட்டின் ஒவ்வொரு வரியும் அந்த வரலாற்றில் ஒரு நாளைச் சுட்டும். ‘தர்கூம்’ எனப்படும் பழைய அரமேய மொழியாக்கம் நூல் முழுவதையும் எகிப்திலிருந்து மேசியாவின் காலம்வரை வரிசையாகப் போகும் சரித்திரமாகவே சொல்லிவிடுகிறது.

1:5ஐப் பாருங்கள். ‘நான் கறுப்பு, ஆனாலும் அழகு’ என்கிறாள். மிட்ராஷ் கேட்கிறது: எப்போது கறுப்பு, எப்போது அழகு? கன்றுக்குட்டியைச் செய்தபோது கறுப்பு, ஆசரிப்புக் கூடாரத்தைக் கட்டியபோது அழகு. இப்படி ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டே போகும். ஒரு பெண் தன் நிறத்தைப் பற்றிச் சொன்ன ஒரு வரி, ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தரும் வாக்குமூலமாகிவிடுகிறது.

மூன்றாம் படி: இப்படி வாசிக்க உரிமை எங்கிருந்து வந்தது?

யாரோ வெட்கப்பட்டு மூடி மறைத்த விளக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். ஓசியா 2ஐ இப்போது திறந்து வாசித்தால் அந்த எண்ணம் ஆட்டம் காணும். கடவுள் கணவன், இஸ்ரவேல் ஓடிப்போன மனைவி, கடைசியில் ‘உன்னை என்றென்றைக்கும் எனக்கென நிச்சயித்துக்கொள்வேன்’ என்ற வாக்கு. எரேமியா 2:2 பாலைவனத்தில் பின்னால் நடந்து வந்த மணப்பெண்ணின் அன்பை நினைவுகூர்கிறது. உருவகத்தைத் தீர்க்கதரிசிகள் ஏற்கெனவே போட்டு வைத்துவிட்டார்கள். உரையாசிரியர்கள் உன்னதப்பாட்டை அதற்குள் உட்காரவைத்தார்கள்.

ஆனாலும் சண்டை நடந்தது. தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பின் யாதாயிம் பகுதியில் இந்த நூல் ‘கையைத் தீட்டாக்குமா’ என்று விவாதிக்கிறார்கள். விசித்திரமான அளவுகோல்: புனித நூலைத் தொட்டால்தான் கை தீட்டாகும். தானியக் காணிக்கையைத் திருமறைச் சுருளோடு சேர்த்து வைத்ததால் வந்த தொல்லையைத் தடுக்கப் போட்ட விதி என்று தல்மூத் காரணம் சொல்கிறது. அந்த விவாதத்தில் ரப்பி (யூத ஆசான்) அகிவா வெடிக்கிறார். இந்தப் பாட்டு இஸ்ரவேலுக்குக் கொடுக்கப்பட்ட நாளுக்கு உலகம் முழுவதும் ஈடாகாது. எழுத்துகளெல்லாம் புனிதம், இதுவோ மகா புனிதம் என்பது அவர் வாதம். ‘மகா புனிதம்’ என்று அவர் சொன்ன சொல், எருசலேம் ஆலயத்தின் உள்ளறையைக் குறிக்கும் அதே சொல். தலைமைக் குருவும் வருடத்தில் ஒரு நாள் மட்டுமே நுழையும் அறை அது. அகிவா பேசும் காலத்தில் ஆலயம் இல்லை, கி.பி. 70இல் ரோமர்கள் எரித்துவிட்டார்கள். அறை போய்விட்டது, பாட்டு இருக்கிறது.

இதே அகிவா இன்னொரு இடத்தில், விருந்து வீடுகளில் குரலைக் குழைத்து இதைச் சாதாரணப் பாட்டாகப் பாடுகிறவனுக்கு மறுமையில் பங்கில்லை என்கிறார். பாடாததைத் தடை செய்ய மாட்டார்கள். ஆக, ஊரில் இது காதல் பாட்டாகப் பாடப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

நான்காம் படி: ஒரே ஒரு வசனத்தை எடுத்துப் பிரியுங்கள்

முழு நூலுக்கும் உரை வாசிக்க முயலாதீர்கள். 2:14 போதும். ‘கன்மலையின் வெடிப்பில் இருக்கும் என் புறாவே, உன் முகத்தைக் காட்டு, உன் குரலைக் கேட்கவிடு.’

முதல் பத்தியில்: புறா, வெடிப்பு, முகம், குரல். இரண்டாவதில்: கூச்சப்பட்டு ஒளிந்திருக்கும் பெண், வெளியே கூப்பிடும் காதலன். மூன்றாவதற்கு மிட்ராஷ் ஒரு கதை தருகிறது. பருந்து துரத்திய புறா ஒன்று பாறை வெடிப்புக்குள் புகுந்தது. உள்ளே பார்த்தால் பாம்பு. உள்ளே போக வழியில்லை, வெளியே வரவும் வழியில்லை. சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு கூவத் தொடங்கியது, புறாக்கூட்டின் சொந்தக்காரன் காதில் விழட்டும் என்று. செங்கடல் கரையில் இஸ்ரவேல் நின்றது இப்படித்தான்: முன்னால் கடல், பின்னால் பார்வோனின் தேர்ப்படை.

இப்போது யாத்திராகமம் 14:10ஐப் புரட்டுங்கள். பயந்துபோய்க் கடவுளை நோக்கிக் கூப்பிட்டார்கள் என்றிருக்கும். ‘உன் குரலைக் கேட்கவிடு’ என்ற காதல் பேச்சு போய் உட்காருவது அங்கேதான்.

மிட்ராஷ் எப்படி வேலை செய்கிறது என்பது இந்த ஓர் இடத்திலேயே தெரிந்துவிடும். அது ‘புறா = இஸ்ரவேல்’ என்று அகராதி எழுதிவிட்டு நிற்பதில்லை. பாட்டில் ஒரு காட்சி, தோராவில் (மோசேயின் ஐந்து நூல்களில்) ஒரு காட்சி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. ஒன்றின் வெப்பம் மற்றதில் ஏறுகிறது. யாத்திராகமத்தில் அந்தக் கூக்குரல் வெறும் பீதி, மோசேயைத் திட்டுவதில் போய் முடிகிறது. உன்னதப்பாட்டோடு சேர்த்து வாசித்தபின், அந்தப் பக்கத்தில் ஒருவர் அந்தக் குரலுக்காகவே காத்துக்கொண்டிருந்தார் என்றாகிறது.

இது பிடிபட்டபின் கொஞ்சம் கரடுமுரடான இடத்துக்கு வரலாம். 7:3: ‘உன் தொப்புள் வட்டக் கலசம், உன் வயிறு லீலிப் பூக்கள் வேலியிட்ட கோதுமைக் குவியல்.’ தொப்புளைத் தல்மூத் சன்ஹெத்ரின் என்ற உயர் நீதிமன்றம் என்கிறது. அங்கே நீதிபதிகள் அரைவட்டமாக உட்காருவார்கள். வசனத்தில் வரும் ‘சஹார்’ என்ற சொல் பிறையை நினைவூட்டும். தொப்புள் உடலின் நடு, நீதிமன்றம் நாட்டின் நடு. சிரிப்பு வருகிறதா? வரட்டும். அடுத்த பாதியில் நின்றுவிடும்.

கோதுமைக் குவியலுக்குப் பூவால் வேலி போடுவார்களா? முள்ளால் போடுவார்கள், கல்லால் போடுவார்கள். மிட்ராஷ் சொல்லும் விளக்கம்: ஒருவன் கல்யாணம் செய்துகொள்கிறான், நிறையச் செலவு, நிறைய ஆசை. மனைவியை நெருங்கும்போது அவள், ‘சிவந்த பூப்போல ஏதோ கண்டேன்’ என்கிறாள். மாதவிலக்குக் காலத்தில் சேரக் கூடாதென்பது சட்டம். உடனே விலகிவிடுகிறான். எந்தச் சுவர் அவனைத் தடுத்தது? எந்தப் பாம்பு கடித்தது? பூவைப்போல மென்மையான ஒரு சொல், அவ்வளவுதான் வேலி. தோராவின் சட்டமெல்லாம் இப்படிப் பூ வேலி என்கிறார்கள்.

இந்த விளக்கத்தில் உடல் எங்கும் போய்விடவில்லை என்பதைப் பாருங்கள். உருவகத்தைப் பிரித்துக்கொண்டே போனால் மறுபடி ஒரு படுக்கையறைக்குத்தான் வந்து சேர்கிறோம்.

இனி மோசே, ஆரோன் விஷயம் (4:5). மார்பு குழந்தைக்குப் பாலூட்டுவது, அவ்விருவரும் மக்களுக்குத் தோராவை ஊட்டினார்கள். ஒன்று மற்றதைவிடப் பெரிதல்ல, அவர்களும் அப்படியே. தர்கூம் இதோடு நிற்காமல் வரப்போகும் இரண்டு மேசியாக்களையும் சேர்த்துக்கொள்ளும். முதல் நாளே இதைச் சொன்னால் கேலியாகத்தான் படும். புறாவையும் பூ வேலியையும் கடந்து வந்தவருக்கு அப்படிப் படாது.

ஐந்தாம் படி: கதவடியில் உட்காருங்கள்

நூலில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் 5:2 முதல் 5:8 வரை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் தூங்குகிறாள், மனம் விழித்திருக்கிறது. அவன் கதவைத் தட்டுகிறான், தலையெல்லாம் பனி. அவளோ, உடையைக் கழற்றிவிட்டேனே, காலைக் கழுவிவிட்டேனே, எப்படி அழுக்காக்குவது என்கிறாள். கடைசியில் எழுந்து திறந்தால் அவன் போய்விட்டான். தேடிப் போகிறாள். நகரக் காவலர்கள் பிடித்து அடிக்கிறார்கள், மேலாடையைப் பறிக்கிறார்கள்.

வசனத்தில் ‘தம்மாதி’ (என் உத்தமி) என்றொரு விளி வருகிறது. ஓர் ஆசிரியர் அதை ‘தெஓமாதி’ (என் இரட்டை) என்று மாற்றிப் படிக்கிறார். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்குத் தலைவலி வந்தால் மற்றதும் உணருமாம். கடவுளும் அப்படி, ‘அவன் துன்பத்தில் நானும் அவனோடிருக்கிறேன்’ என்று சங்கீதத்தில் சொல்லவில்லையா என்கிறார். அதே வசனத்தில் இன்னொரு சொல் ‘எனக்குத் திற’. இதற்கு மிட்ராஷ்: ஊசிமுனை அளவு மனந்திரும்பும் வாசலைத் திறந்து காட்டுங்கள், வண்டிகள் நுழையுமளவு வாசல்களை நான் திறக்கிறேன்.

இங்கே ராஷியைக் கொண்டுவாருங்கள். 1040இல் பிறந்து 1105இல் இறந்தவர், பிரான்ஸின் த்ருவா நகரத்துக்காரர். அவர் படித்த மைன்ஸ், வோர்ம்ஸ் நகரங்களின் யூதச் சமூகங்கள் 1096இல் சிலுவைப்போர்க் கும்பல்களால் அழிக்கப்பட்டதைப் பார்க்க உயிரோடிருந்தவர். தன் முன்னுரையில் அவர் இந்த நூலின் பெண்ணுக்கு ஒரு பெயர் வைக்கிறார்: கணவன் உயிரோடிருக்கையிலேயே விதவைபோல வாழ்பவள். பழைய காதலை நினைத்து நினைத்து ஏங்குகிறாள், தன் பிழையை ஒத்துக்கொள்கிறாள்; அவள் படும் துன்பத்தில் அவனும் துன்பப்படுகிறான், கைவிட்டுவிடவில்லை. நூலின் முதல் வேண்டுகோளான முத்தம் (1:2), ராஷிக்குச் சீனாயில் ஒருமுறை முகத்துக்கு முகம் கிடைத்த பேச்சு. அது மறுபடி கிடைக்காதா என்ற ஏக்கத்தில்தான் நூல் தொடங்குகிறது. இந்தக் கண்ணால் கதவுக் காட்சியை வாசித்தால், தட்டுவது தீர்க்கதரிசிகள் வழியாக வந்த அழைப்பு; அலட்சியப்படுத்தினாள்; காவலர்கள் எருசலேமைச் சூழ்ந்த நேபுகாத்நேசாரின் ஆட்கள்.

இந்தக் கதவு பழங்கதையாகிவிடவில்லை. 1956இல், இஸ்ரேல் சுதந்திர தினத்தையொட்டி நியூயார்க்கில் ரப்பி ஜோசப் சோலவேச்சிக் ஆற்றிய உரைக்கு ‘என் நேசர் தட்டும் ஓசை’ என்றே பெயர். யூத இனப்படுகொலைக்குப் பிறகு வந்த ஆறு நிகழ்வுகளை ஆறு தட்டல்களாக எண்ணிச் சொன்னார். மறுபக்கம், ‘காதலைத் தானாக எழுமுன் எழுப்பாதீர்கள்’ என்று மூன்றுமுறை வரும் ஆணையை (2:7, 3:5, 8:4) வைத்து, மேசியா வருமுன் கூட்டமாக நாடு திரும்பக் கூடாது என்று வாதிட்ட வைதீகர்களும் உண்டு. தல்மூத்தில் அதற்கு அடிப்படை இருக்கிறது. ஒரே காதல் பாட்டு, ஒரே நூற்றாண்டு, நேரெதிர் அரசியல்.

ஆறாம் படி: கிளைவழிகள்

மைமோனிடிஸ் (1138–1204) மருத்துவர், தத்துவ அறிஞர். மக்கள் கூட்டம் என்ற பெருவழியிலிருந்து விலகித் தனிமனிதனுக்கு வருகிறார். கடவுளை எப்படி நேசிப்பது? ஒரு பெண்மேல் பித்தாகி, உட்கார்ந்தாலும் எழுந்தாலும் சாப்பிட்டாலும் குடித்தாலும் அவளையே நினைக்கிறானே ஒருவன், அதைவிட அதிகமாக. ‘காதலால் நோயுற்றேன்’ என்று சாலொமோன் சொன்னது இதைத்தான், உன்னதப்பாட்டு முழுவதும் இதற்கான உவமை என்று முடிக்கிறார். நாயகி பாவ வாசகர்கள் இளைப்பாற இதுதான் இடம். கெர்சோனிடிஸ் (1288–1344) மனித அறிவுக்கும் விண்ணக அறிவுக்குமான உரையாடலாக வாசித்தார். தத்துவத்தில் பிடிப்பில்லாதவர்கள் தாண்டிப் போகலாம், நான் தாண்டினேன்.

சோஹாரைத் தாண்ட முடியாது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் வெளிவந்த இந்தக் கபாலா (யூத மறைஞான) நூல், ‘முட்களுக்குள் ஒரு பூ’ என்ற 2:2ஐ வைத்தே திறக்கிறது. தமிழ் பைபிளில் லீலி, கபாலா மரபில் பெரும்பாலும் ரோஜா. பூவில் சிவப்பும் வெள்ளையும் இருப்பதுபோல அவளிடம் நீதியும் இரக்கமும். பதின்மூன்று இதழ்கள், அவளைச் சூழ்ந்த பதின்மூன்று இரக்கக் குணங்கள். இங்கே ‘அவள்’ மண்ணில் இருக்கும் மக்களோடு நிற்பதில்லை. கடவுளின் சந்நிதியான ஷெகினாவும் அவளே, கடவுளுக்குள்ளேயே இருக்கும் பெண்மை. காதலனும் காதலியும் தெய்வத்துக்குள்ளேயே பிரிந்திருக்கிறார்கள். மனிதன் செய்யும் ஜெபமும் நற்செயலும் அவர்களைச் சேர்த்து வைக்கும் தூது. தொடக்கக்காரர்கள் இதை எட்டிப் பார்த்தால் போதும். ‘தேனும் பாலும் உன் நாவின் கீழ்’ என்ற 4:11க்கு, இப்படிப்பட்ட ரகசியங்கள் நாவுக்கு அடியிலேயே இருக்கட்டும் என்று தல்மூத்தே பொருள் சொல்லி வைத்திருக்கிறது.

ஏழாம் படி: காதால் கேளுங்கள்

இந்தக் குறியீடுகள் புத்தகத்தில் இருப்பதைவிட நாட்காட்டியில் அதிகம் இருக்கின்றன. ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர்கள் பஸ்கா வாரத்து ஓய்வுநாளில் இதை வாசிப்பார்கள். செஃபார்தி, கிழக்கத்திய யூதர்கள் பலர் வெள்ளிக்கிழமை மாலைதோறும் இசையோடு ஓதுவார்கள். இணையத்தில் மொராக்கோ மரபு ராகங்களைத் தேடிக் கேளுங்கள், அரைமணி நேரம் தமிழ் வசனத்தை விரலால் தொடர்ந்துகொண்டே.

வெள்ளி மாலையில் பாடும் ‘லெகா தோதி’ 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரத்தில் ஷ்லோமோ அல்கபெத்ஸ் எழுதியது. ‘வா, என் நேசரே’ என்ற முதலடி 7:12இலிருந்து எடுத்தது. அங்கே மணமகள் ஓய்வுநாள்தான். கடைசிச் சரணம் வந்ததும் ஜெபாலயத்தில் எல்லாரும் வாசல் பக்கம் திரும்பித் தலை தாழ்த்துவார்கள், அவள் உள்ளே வருகிறாள் என்று. வார நாட்களில் காலை ஜெபத்துக்குத் தோல்வாரைக் கையில் கட்டும்போது, நடுவிரலில் மூன்று சுற்று சுற்றி ஓசியாவின் நிச்சயதார்த்த வசனத்தைச் சொல்வார்கள். மனந்திரும்புதலுக்கான எலூல் மாதத்தின் நான்கு எழுத்துகளும் ‘நான் என் நேசருக்கு, என் நேசர் எனக்கு’ என்ற 6:3இன் எபிரேயச் சொற்களின் முதலெழுத்துகள்.

வழுக்கும் இடங்கள்

கிறிஸ்தவப் பிரசங்கங்களில் இதே நூலை இயேசுவும் சபையும் என்று கேட்டிருப்பீர்கள். உறவு முறை ஒன்றுபோல இருந்தாலும் அது வேறு மரபு, அதன் சாவி இந்தப் பூட்டில் சேராது.

‘தமிழ் அகப்பாடல்தான் மூலம்’ என்று சமூக ஊடகத்தில் சுற்றும் உற்சாகத்தையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். எபிரேய அறிஞர் ஹாயிம் ராபின் 1970களில் சங்கப் பாடலுக்கும் இந்த நூலுக்கும் தொடர்பிருக்கலாம் என்று எழுதியது உண்மை. அது கருதுகோளாகவே இருக்கிறது. 4:14இல் வாசனைப் பொருள்களின் வரிசையில் வரும் ‘அஹாலோத்’ என்ற சொல்லை நம் ‘அகில்’ என்பதோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்குப் பிடித்த ஒட்டு அது, அதற்குமேல் இழுக்க மாட்டேன்.

ஆர்ட்ஸ்க்ரோல் என்ற யூதப் பதிப்பகத்தின் எபிரேய–ஆங்கிலப் பதிப்பை வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆங்கிலப் பகுதியில் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு இருக்காது. ராஷியின் உட்பொருளையே மொழிபெயர்ப்பாகப் போட்டிருப்பார்கள். மார்பு வரவேண்டிய இடத்தில் மார்பைத் தேடினால் கிடைக்காது. அவர்கள் நிலைப்பாடு அது, ஆனால் முதல் பத்தியைக் காலியாக விட்டு மூன்றாவதில் குதிக்கச் செய்துவிடும்.

ஏன் குதிக்கக் கூடாது என்பதற்கு மிட்ராஷிலேயே ஓர் உவமை உண்டு. அரசன் வீட்டில் பொன் தொலைந்துவிட்டது, அல்லது நல்முத்து. எதை வைத்துத் தேடுகிறான்? காலணாத் திரியை வைத்து. உவமை உன் கண்ணுக்கு அற்பமாகத் தெரிய வேண்டாம், அதை வைத்துத்தான் தோராவைக் கண்டெடுக்கிறோம் என்கிறது. முத்து கிடைக்குமுன் திரியை ஊதி அணைத்துவிட்டுத் தேடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும்.

இனி உங்கள் முறை. 8:14, நூலின் கடைசி வசனம். ‘ஓடு, என் நேசரே, வெளிமானைப்போல வாசனை மலைகளின்மேல்.’ இத்தனை தேடலுக்குப் பிறகு ஒரு காதலி ‘வா’ என்று சொல்லாமல் ‘ஓடு’ என்று சொல்லி முடிக்கிறாள். ஏன்? எங்கிருந்து ஓட? தனியாகவா? வாசனை மலை எது? மூன்று பத்தியையும் நீங்களே நிரப்புங்கள். ராஷி இதற்கு எழுதியது இரண்டே வரி. நோட்டை மூடிய பிறகு திறந்து பாருங்கள்.